ஐந்தாவது கிருத்திகை

"ஒரு ஆட்டுக்காக எவளாச்சும் கட்டினவன வுட்டுட்டுப் போவாளா யக்கா? வேற எவன் கூடவோ போயிட்டான்னு தெருவே பேசிக்கினு கீது" என்று எதிர்வீட்டுக் குப்பம்மாள் குழாயடியில் என்னிடமே சொன்னாள்.

"தெரு பாத்துதாடி? நான் பாத்தேன். தனியாத்தான் போனா" என்றேன்.

"புள்ள இல்லாதவ, ஆட்டப் புள்ளையாக்கிக்கினா."

குடத்தை இறக்கி வைத்துவிட்டேன். இந்தப் பேச்சு எனக்கு ஆகாது. நிர்மலா என் மருமகள். ஆட்டை ஆடாகத்தான் வளர்த்தாள். என் வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்தவள். என் மகன் அசோக்குமாரைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்த புதிதில், ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து, "யாரு அத்த இங்க மிளகு கொட்டி வெச்சது?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பத்து வருடத்தில் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு ஆடு சேர்த்தாள்.

போன வருடம் ஆட்டோ கவிழ்ந்து அசோக்குமாரின் கால் உடைந்தது. வைத்தியத்துக்குப் பதினொன்றை விற்றாள். வெள்ளைக்காது என்று அவள் கூப்பிடும் பெட்டை ஆடு மட்டும் மிச்சம். அப்போது படுக்கையில் கிடந்தபடி இவன் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "இத யாரும் தொட மாட்டோம். அந்த மல மேல சத்தியம். இது போடற குட்டி எல்லாம் உன்னுது." அவன் கால் தேறினால் காவடி எடுக்கிறேன் என்று அவளும் வேண்டிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு கிருத்திகையன்று வெள்ளைக்காது கிடாவோடு சேர்ந்தது. எங்கள் வீட்டில் சினைக்குக் கணக்கு கிருத்திகைதான். அதற்குப் பிறகு ஐந்து கிருத்திகை போய்ப் பதினைந்தாம் நாள் ஈனும். நிர்மலா ஒரு தறி நூலைக் கம்பத்தில் கட்டி, கிருத்திகைக்கு ஒரு முடிச்சு போட்டு வந்தாள். மூன்றாவது முடிச்சில் வயிறு வலப்பக்கம் சரிந்தது. நான்காவதில் மடி இறங்கத் தொடங்கியது. வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "அத்த, ரெண்டு கீது!" என்றாள்.

அன்றிலிருந்து தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மற்ற வீட்டு ஆடுகள் முட்டிவிடும் என்று மேய்ச்சலுக்கு விடாமல் அகத்தி ஒடித்து வந்து போட்டாள். தனியாக மறைப்பு கட்டி உலர்ந்த மணல் பரப்பினாள். குட்டியின் மூக்கைத் துடைக்க, அவள் அப்பா பஞ்சாட்சரம் கொடுத்தனுப்பிய லுங்கித் துண்டுகளை வெந்நீரில் அலசி மடித்து வைத்தாள். தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடு, கட்ட நூல், மஞ்சள். எல்லாம் ஒரு பையில் தயார்.

ஐந்தாவது வந்தது ஆடிக் கிருத்திகை. விடியலில் காவடி எடுத்துக்கொண்டு, "வெள்ளக்காத பாத்துக்கோங்க அத்த" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு அசோக்குமார் ஒரு டெம்போவோடு வந்தான். "யம்மா, மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். குட்டி நேராக் கீதான்னு டாக்டரு பாக்கணுமாம். நிர்மலாதான் சொன்னா."

ஆடு அவனோடு போக மறுத்தது. நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். நான்தான் அகத்தியைக் காட்டிக் காட்டி வண்டியில் ஏற்றினேன்.

மத்தியானம் திரும்பியவள், ஆட்டுக்கு நெற்றியில் வைக்க விபூதியோடு நேரே மறைப்புக்குள் போனாள்.

"எங்க அத்த?"

"மாட்டாஸ்பத்திரிக்கு. நீ சொன்னியாமே."

"இன்னிக்கு மாட்டாஸ்பத்திரி லீவு அத்த. ஆடிக் கிருத்திகைக்கு ஜில்லாவுக்கே லீவு."



சாயங்காலம் வந்தவன் மறைக்கக்கூட இல்லை. "நாளைக்குக் கறிக்கு அடிச்சிக்குவாங்க. மலட்டு ஆடுன்னு சொல்லி உசுரு எடைக்குப் போட்டேன். நல்ல எட நின்னுது."

"அது எட இல்லீங்க. ரெண்டு குட்டி" என்றாள் நிர்மலா. "எந்தக் கட? சொல்லுங்க, நான் போய்க் கேட்டு ஓட்டிக்கினு வரேன்."

"அதெல்லாம் முடிஞ்சி போச்சு. வேற ஒண்ணு வாங்கித் தரேன், வுடு."

அவன் காலைப் பார்த்தாள். "இந்தக் காலுக்குத்தான் இன்னிக்குப் படி ஏறினேன்" என்றாள்.

இரண்டு புடவையை எடுத்தாள். லுங்கித் துண்டுப் பையையும் எடுத்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"கயித்த அவுத்தது நான். என்னத் திட்டுடி. திட்டிட்டு இரு."

"உங்களயும் ஏமாத்தினாரு, என்னயும் ஏமாத்தினாரு. நீங்க பெத்தவங்க, இருந்துதான் ஆவணும். எனக்கு இன்னா அத்த?"

வழிவிட்டேன். வேறென்ன செய்ய?

காவடிக் கூட்டம் மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இவள் அதற்கு எதிராக, மஞ்சள் புடவையைக்கூட மாற்றாமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். எதிர்வாசலிலிருந்து ஒருத்தி, "எங்க போற நிர்மலா?" என்று கேட்டாள். "பொதட்டூர்பேட்டைக்கு, எங்க நைனா வூட்டுக்கு" என்று நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கேட்டவள் இதே குப்பம்மாள்.