வேதமாணிக்கத்தின் இடப்பக்க ஸ்டியரிங்

வேதமாணிக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தக் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். நல்லவன், அதுதான் தொந்தரவு.

கரமனையில் என் அரிசிக்கடையை ஒட்டி அவன் ஒர்க்‌ஷாப். யுத்தத்தில் பர்மா எல்லைவரை போய்ப் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்த்தவன். யுத்தம் முடிந்து அந்த லாரிகளும் டிரெய்லர்களும் ஏலத்துக்கு வந்தபோது, உருப்படாது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு அமெரிக்க லாரியை அதன் டிரெய்லரோடு எடுத்தான். துருவைச் சுரண்டி, செத்த எஞ்சின் இரண்டைப் பிரித்து ஒன்றாக்கி ஓடவைத்தான். கதவிலிருந்த அமெரிக்கப் பட்டாளத்து வெள்ளை நட்சத்திரத்தின் மேல் நீலம் அடித்தான். ஒவ்வொரு மழைக்கும் நட்சத்திரம் எட்டிப் பார்க்கும், மறுபடி அடிப்பான். நாற்பத்தெட்டில் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு வண்டி ஓடத் தொடங்கியது. போகும்போது என் அரிசி, வரும்போது தேயிலைப் பெட்டி. டிரெய்லரை மலையடிவாரத்து வித்துராவிலேயே கழற்றி விட்டுவிட்டு மலையேறுவான்.

ஒரே குறை, ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ரோட்டில் இடப்பக்கம் இருந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற மாட்டுவண்டியைத் தாண்டி எதுவும் தெரியாது. வலப்பக்கம் ஒருவர் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கிளீனர் வைத்துக்கொண்டார்கள். இவன் பெண்டாட்டி தங்கபாயை உட்கார வைத்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் வெளியே எட்டிப் பார்ப்பாள். "பைய", "நில்லுங்க", "போலாம்". அவ்வளவுதான் பேச்சு. வித்துரா சந்தையில் கேலி செய்யாத ஆள் இல்லை.

"எனக்க வலத்த கண்ணுல்லா அது" என்பான் இவன், பெருமை தாங்காமல்.

ஸ்டியரிங்கை மாற்றுவது அவனுக்குத் தெரியாத வேலையா? ஊரில் பாதிப் பட்டாளத்து வண்டிகளுக்கு மாற்றிக் கொடுத்ததே அவன்தான். தன் வண்டிக்கு மட்டும் செய்யவில்லை. தங்கபாய் கேட்காமலும் இல்லை. ஒருநாள் மூட்டை ஏற்றும்போது என் காதுபடக் கேட்டாள்.

"நம்ம வண்டிக்கு எப்பம் மாத்தப் போறிய?"

"மாத்திட்டா நீ வீட்டுலல்லா இருப்ப பிள்ளே?"

"இருந்தா என்னா? எனக்கு வீட்டுல இருந்தா போரும்."

"ஓணம் கழியட்டு."

ஓணம் கழிந்தது, கிறிஸ்துமஸும் கழிந்தது. அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எந்நேரமும் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. அந்த ஆசையில் கண் அவிந்துபோனான், வேறென்ன சொல்ல?

ஐம்பத்துமூன்று ஆடி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. சொந்த ஊர் பாறசாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடித்து வந்தவன் நேரே ஒர்க்‌ஷாப்புக்குள் போனான். ஸ்டியரிங்கைக் கழற்றினான். பெடல்களுக்கு வலப்பக்கம் துளை போட்டு, பழைய துளைகளைத் தகரத்தால் அடைத்தான். அழுதுகொண்டே செய்தான், மூக்கைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

முதல் ஓட்டத்துக்கு அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். அவள் இருந்த இடத்தில் அவன், அவன் இருந்த இடத்தில் நான். வித்துரா தாண்டி ஏற்றம் வந்தது. ஏறும்போது பள்ளம் வலப்பக்கம்; இறங்கும்போது எப்போதும் இருட்டிவிடும், பள்ளம் தெரியாது. ஒரு வளைவில் திடீரென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே பார்த்தான். சக்கரத்துக்கு வெளியே ஒரு சாண் மண், அதற்கப்புறம் மரங்களின் உச்சிதான்.

"ஓய் பிச்சையா, இந்த வளவு இப்பிடியா இருந்து?"

"எப்பமும் இப்பிடித்தான்."

"எனக்கு அந்தப் பக்கத்துப் பாறைதான் தெரியும்." "இதப் பாத்துக்கிட்டா வே அவ போலாம் போலாம்ன்னு சொன்னா? பேடிச்சா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோபம் முந்திக்கொண்டது.

"சொன்னாளே ஓய். ஸ்டியரிங்க மாத்தச் சொன்னாளே."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "தங்கம், தங்கம்" என்று வாய்விட்டு அழுதான். பின்னால் தோட்டத்து ஜீப் வந்து ஹாரன் அடித்தது. "போலாம்" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை.