மூன்று வாளி பாசித் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். திருச்சானூரில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரவேண்டும் என்று யாராவது இரண்டாவது தடவை சொன்னால் போதும், "காது நல்லாத்தான் கேக்குது சார்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி எத்தனையோ பேரை அடுத்த கடைக்கு அனுப்பியிருக்கிறேன். போனால் போகட்டும் என்று இருந்தவன்தான். கடையில் இந்தக் குணத்தால் நான் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

எங்களுக்குப் புத்தூர் பக்கம் ஒரு கிராமம். நைனாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைத் திருப்பதிக்குக் கூட்டி வந்துவிட்டேன். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்காவைச் சித்தூரில் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து நைனாவுக்குத் தலை குளிக்க வைத்து, இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்களை நான் வேண்டாம் என்றேனா, அவர்கள் என்னை வேண்டாம் என்றார்களா என்பதெல்லாம் இப்போது எதற்கு. வீட்டில் நைனாவும் நானும், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனும் இருந்தோம்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் அது. ஜோடியில் பெரியது பெண். அது உள்ளே போட்டிருக்கிற பூந்தொட்டி ஓட்டின் மேல் முட்டை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடும். சின்னதாக இருக்கிற ஆண்தான் எட்டு நாளும் அங்கேயே நின்று துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டிருக்கும். நைனாவுக்கு இது தாங்கமுடியாத வேடிக்கை.

"ஆம்பள உக்காந்து விசிறிக்கினு கீது, பொம்பள ஊர் மேயுது. நல்ல குடும்பம்டா. பொம்பள வாசனையே இல்லாத ஊட்ல மீனுக்கு மட்டும் வருசம் முழுக்கப் பிரசவம்" என்பார். பாதி வாய்தான் சிரிக்கும்.

முட்டை பொரிப்பது சுலபம். குஞ்சைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. பிறந்த குஞ்சு அரிசி நொய்யில் பாதி இருக்கும். அதன் வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னதாக, உயிரோடு அசைகிற தீனிதான் வேண்டும். அசையாததை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தத் தீனிக்கு ரோட்டிஃபர் என்று பெயர், நான் பூச்சி என்றுதான் சொல்வேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தூசி நகருகிற மாதிரி தெரியும். அந்தப் பூச்சி பாசியைத் தின்னும். தடா ஊரைத் தாண்டிக் கடற்கரை வரை போய், இருபது லிட்டர் கேன்களில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, பின் அறை ஜன்னல் ஓரத்தில் மூன்று வாளிகளில் பாசி பிடிக்கவிட்டு, அதில் பூச்சி வளர்த்தேன். ஒரு வாளி கெட்டுப்போனாலும் மற்றது இருக்கும் என்றுதான் மூன்று. சென்னையில் இதே வேலையாக இருக்கிற ஒரு நண்பர், "ஒரே வீட்ல மூணு வாளி வெக்கிறதும் ஒண்ணு வெக்கிறதும் ஒண்ணுதாங்க. ஒண்ணை வேற வீட்ல வையுங்க" என்று சொன்னார். யார் வீட்டில் போய் வைப்பது? நான் கேட்கவில்லை.

குஞ்சுகளுக்கு இருட்டு நல்லது, சூடு ஏறி இறங்காமல் இருக்கவேண்டும். வீட்டில் அப்படி இருந்தது நைனாவின் அறைதான். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தொட்டியை வைத்தேன். காற்று பம்பின் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பது அவருக்கு வேலையாகிவிட்டது. கரண்ட் போய்ப் பம்ப் நின்றால் வலது கையால் ஸ்பூனை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் தட்டுவார். நான் ஓடி வந்து பேட்டரி பம்பை மாட்டுவேன்.

"பட்டை வந்துச்சாடா?" என்று தினமும் கேட்பார். பத்து நாள் தாண்டிய குஞ்சுக்குத்தான் தலைக்குப் பின்னால் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நான் பதினோரு தடவை முயன்று ஒரு தடவையும் கோட்டைப் பார்த்ததில்லை. பூச்சி இல்லாமல் அவித்த கோழிமுட்டை மஞ்சள் கருவைக் கரைத்து விட்டு ஒரு ஈடு முழுக்கச் செத்தது. கொசுவர்த்திப் புகையைப் பம்ப் உறிஞ்சி இன்னொரு ஈடு செத்தது. ஒவ்வொரு தடவையும் நான் டப்பாவை எட்டி உதைத்துக் கத்துவேன். நைனா மாடு வளர்த்தவர். "உடுடா. இந்த ஈத்து போச்சுன்னா அடுத்த ஈத்து பாக்கலாம்" என்பார்.

பன்னிரண்டாவது ஈடு நன்றாக வந்தது. இருநூறுக்குக் குறையாது. முதல் இரண்டு நாள் தாண்டியும் தொட்டியின் அடியில் சாவு அதிகம் இல்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்து, குனிந்து மெல்லிய குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகு வலி. நைனா கேட்டார்.

"டேய், அந்தப் பின் ரூம்ல மூணு வாளி பாசித் தண்ணி வச்சிக்கினு கீறியே, அது எதுக்குடா? பாத்ரூமுக்கு இட்னு போறப்ப எல்லாம் நாத்தம் அடிக்குது."

நான் பூச்சியை அங்கே வடிகட்டி, ஒரு டம்ளரில் கொண்டுவருவேன். அதைத் தொட்டியில் விடுவதை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

"சொன்னா உனக்குப் புரியாது நைனா. கம்முனு படு" என்றேன்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று முனகிவிட்டு, அவர் மறுபடி பம்பைக் கேட்கத் தொடங்கிவிட்டார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு, அக்கா வந்தாள். நான் கடைக்குப் போய்விட்டேன். அன்று அவர்கள் இரண்டு பேரும் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் விடியும்போது நைனா போய்விட்டார். நான் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். டம்ளர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கை சில்லிட்டிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: நைனா செத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அக்காவுக்குப் போன் செய்வதற்கு முன்னால், பின் அறைக்குப் போய்ப் பூச்சியை வடிகட்டிக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு விட்டேன். அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

பத்து மணிக்குள் ஊரிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் நைனாவைக் கிடத்தி, பெரிய மீன்கள் இருந்த கண்ணாடித் தொட்டியைத் துணி போட்டு மூடினார்கள். எங்களில் பிணத்தை எடுத்த உடனே வீட்டில் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. சாவு விழுந்த வீட்டுத் தண்ணீர் தீட்டு. எனக்கு இது தெரியாதா? அம்மா செத்தபோது நான்தான் டிரம்மைச் சாய்த்தேன். அந்த மூன்று வாளியைத் தொடாதீர்கள் என்று சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பாடையைத் தூக்குகிற நேரத்தில் அவள் காதுக்குப் பக்கத்தில் குனியவும் செய்தேன். அப்பன் பிணத்தை வைத்துக்கொண்டு மீன் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறானே என்று நாலு பேர் சொல்வார்களே. வாயை மூடிக்கொண்டு தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறபோதும் என் புத்தி அந்த வாளிகளிடமே இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே பினாயில் வாசனை அடித்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா முன்னால் நின்று, "நீள்ளன்னீ பாரபோயண்டி, நீள்ளன்னீ" என்று சொல்லித் தண்ணீரையெல்லாம் ஊற்ற வைத்ததாகச் சொன்னார்கள். குடம், டிரம், கேன், எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. அவற்றோடு என் மூன்று வாளியும் கவிழ்ந்திருந்தன. சாக்கடை ஓரம் பச்சையாக ஒரு கறை இருந்தது. ஈரத் துணியோடு நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு இத்த கொட்டினது?"

"நான்தான்டா" என்றாள் அக்கா.

"உனக்கு அறிவு கீதா? இத்த வளக்க நான் எத்தினி மாசம் கடலுக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சேன்னு தெரியுமா உனக்கு? எல்லாத்தையும் சாவடிச்சிட்டியே!"

அக்கா பயந்துவிட்டாள். "மீனைத் தொடலடா. அந்தக் கறுப்புத் தொட்டிய யாரையும் தொட உடல. குறுக்க நின்னுக்கினு இருந்தேன்."

"இத்தக் கொட்டிட்டு மீனை வச்சி இன்னா பண்றது? படையல் போடறதா?"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏங்கி ஏங்கி அழுதேன். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பெத்த அப்பனுக்கு வராத அழுகை பாசித் தண்ணிக்கு வருது பாரு."

சென்னை நண்பருக்குப் போன் செய்தேன். அவர் இரண்டு பாட்டில் பூச்சியை மறுநாள் பஸ்ஸில் போட்டுவிட்டார். கொள்ளி வைத்தவன் காரியம் முடிகிறவரை வெளியே போகக்கூடாது என்று என்னை விடவில்லை. அக்கா வீட்டுக்காரர்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்தார். டிக்கியில் வெயிலில் வெந்து வந்த பாட்டில்கள். மூடியைத் திறந்ததும் அழுகிய நாற்றம் அடித்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. வீட்டில் ஆர்டீமியா என்கிற பொடி இறாலின் முட்டை ஒரு டப்பா இருந்தது. கடல் உப்புப் பாக்கெட்டைக் கரைத்து அதைப் பொரிக்க வைத்தேன். ஒரு நாளில் பொரித்துவிடும். ஆனால் அது கொஞ்சம் பெரிய குஞ்சுக்கான தீனி. என் குஞ்சுகள் அதைத் துரத்திப் போய், வாயைத் திறந்து, முடியாமல் விட்டுவிட்டன.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று தொட்டியின் அடி வெள்ளையாகியிருந்தது. குழாயால் உறிஞ்சி எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். நைனாவின் கட்டிலை அவிழ்த்து வெளியே போட்டுவிட்டிருந்தார்கள், அந்த இடத்தில் உட்கார்ந்துதான் எடுத்தேன். ஆர்டீமியாவை விழுங்க முடிந்த ஏழெட்டு மட்டும் வயிறு சிவந்து சுற்றிக்கொண்டிருந்தன. அவையும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நைனா போன எட்டாம் நாள் காலையில் கடைசிக் குஞ்சு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தலைக்குப் பின்னால் மெல்லிசாக வெள்ளைக் கோடு விழத் தொடங்கியிருந்தது. பம்பை நிறுத்தினேன்.

அத்தனை நாளும் அக்காவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சமைத்ததைத் தின்றேன், அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாள் பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெரிய மீன்கள் ஓட்டில் மறுபடி முட்டை வைத்திருந்தன. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சித்தூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"நீ கடைசி வரைக்கும் கேக்கல. நானே சொல்லிட்டுப் போறேன்" என்றாள். "அந்த ஞாயித்துக்கிழம நைனாதான்டா சொல்லுச்சு. 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொம்பளைங்க தண்ணியெல்லாம் கொட்டுவாளுங்க. அந்த நேரத்துல அவன் வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லமாட்டான். நீ நின்னு பாத்துக்க. கறுப்புத் தொட்டிய மட்டும் ஒருத்தியும் தொடக் கூடாது. இந்த வாட்டி அவனுக்குப் பட்டை வந்துடும்'னுச்சு."

நான் ஓட்டின் மேல் இருந்த முட்டையைப் பார்த்தேன்.

"பின் ரூம்ல பாசி வாளி மூணு கீதே, அது இன்னா பண்றதுன்னு நானும் கேட்டேன்டா. நைனாவுக்குத் தெரியல. 'நான் கேட்டேன், புரியாதுன்னுட்டான். வேண்டாத தண்ணியாத்தான் இருக்கும், நாத்தம் அடிக்குது, கொட்டிடு'ன்னுச்சு."

வெளியே மூங்கில்களை வண்டியில் போடுகிற சத்தம் கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் சொல்லுடா. அந்தத் தண்ணி எதுக்கு?"

"அதுல குஞ்சு துன்ற பூச்சி கீதுக்கா. கண்ணுக்குத் தெரியாது. அது இல்லன்னா குஞ்சு செத்துடும்."

அக்கா மடியில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.