சாம்பலில் ஆறிய பாதி

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரருக்கு, பட்டறையில் ‘நெருப்புக்கண்’ என்று பெயர். இயந்திரப் பாகங்களை உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் வேலை. எந்த இரும்பைக் கொடுத்தாலும் சாணைச் சக்கரத்தில் ஒரு தொடு தொட்டு, பறக்கிற பொறியைப் பார்த்தே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பது அவர் கணக்கு. அதை என்னிடம் முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார் என்பது என் கணக்கு.

துணி காயப்போட ஒரு தூண் வேண்டும் என்று கொழுந்தியாள் பிடிவாதம் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கொல்லையில் இறக்கிவிட்டாள். தோண்டியது நான். மேற்பார்வை சகலை. முழங்கை ஆழத்தில் கடப்பாரை எதிலோ மோதி, தோள்பட்டை வரை விண்ணென்று தெறித்தது. கல் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே தூக்கினால், தேங்காய் அளவு உருண்டை கையைத் தரைக்கு இழுக்கிறது. மேலெல்லாம் துரு. ஈர மாவில் கட்டைவிரலை அழுத்தியதுபோல் அங்கங்கே குழி.

“பீரங்கிக் குண்டா இருக்குமோ?” என்றேன்.

“குண்டும் இல்ல, குடமும் இல்ல. ஏதோ பழைய இன்ஜின்ல உடைஞ்ச துண்டு. தூக்கி ஓரமா போடுங்க,” என்றார் சகலை, குனிந்துகூடப் பார்க்காமல்.

மறுநாள் சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். சாணையில் வைத்தார். பொறி பறந்தது. ஆனால் பூவாக வெடிக்கவில்லை. நூல் போல நேராக ஓடி அப்படியே அணைந்துவிட்டது. இன்னொரு பக்கம் வைத்தார். அதே கதை. சுற்றி நின்றவர்கள், “என்ன ரகம்ணே?” என்று கேட்க, மனுஷனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். மத்தியானச் சாப்பாட்டையும் தொடவில்லையாம். கொழுந்தியாள் போன் போட்டு, “மாமா, அந்தச் சனியன எதுக்குத் தோண்டி எடுத்தீங்க? இவரு வீட்ல யார்கூடயும் பேச மாட்டேங்கிறாரு,” என்று என்மேல் பாய்ந்தாள். தூண் கேட்டது அவள், குற்றவாளி நான்.

விடுவாரா அவர்? உள்ளே மணி, அதாவது இரும்பின் துகள் அமைப்பு, எப்படி இருக்கிறது என்று பார்க்க அதை இரண்டாக அறுத்தார். நாலு பிளேடு பல் போனது. ஒரு பாதியை இன்னும் சிறிதாக அறுக்க வேண்டும். அதற்கு இரும்பு இளக வேண்டும். தொழில்காரர் என்ன செய்வார்? அதை உலையில் வைத்துச் செக்கச்செவேல் என்று பழுக்கவிட்டு, சாம்பல் பெட்டியில் புதைத்து இரண்டு நாள் ஆறவிட்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இளகியது, அறுத்தார், பார்த்தார். அப்போதும் அது என்ன இரும்பு என்று தெரியவில்லை.

கடைசியில் கல்லூரி உலோகச் சோதனைக் கூடத்துக்குப் போக முடிவு செய்தார். பட்டறைக்காரர்கள் சந்தேகம் கேட்கப் போகிற இடம் அது; இவர் அந்தப் படியை மிதித்ததே இல்லை. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். வழியெல்லாம், “என்ன, நெருப்புக்கண்ணுக்குக் கண்ணாடி வாங்கவா?” என்று சீண்டிக்கொண்டே போனேன்.

அங்கிருந்த பேராசிரியை துண்டுகளை வாங்கி, அறுத்த முகத்தைக் கண்ணாடி போலத் தேய்த்து, அமிலம் தடவினார். உலைக்குப் போகாத பாதியில் மெல்ல மெல்லக் கோடுகள் எழும்பின. குறுக்கும் நெடுக்குமாக, பட்டை பட்டையாக, யாரோ உட்கார்ந்து இழைத்துவைத்த மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“இது நம்ம பூமி இரும்பே இல்ல சார். வானத்துலேர்ந்து விழுந்தது,” என்றார் அந்த அம்மா. “ஒரு டிகிரி சூடு குறையவே ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கலாம். அவ்வளவு நிதானமா ஆறினாத்தான் இந்தக் கோடு விழும். எந்த உலையிலயும் இத செய்ய முடியாது.”

சகலை மேஜைமேல் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு இன்னொரு பாதியைப் பார்த்தார். அதே அமிலம்தான். ஆனால் வெறும் சாம்பல் நிறம். கோடுகள் கலங்கி அழிந்து கிடந்தன.

“இத ஏதாவது சூடு பண்ணீங்களா?” என்று கேட்டார் பேராசிரியை.

“பண்ணேன் மேடம். சாம்பல்ல பொதச்சு ரெண்டு நாள் ஆறவிட்டேன்,” என்றார் சகலை. “எனக்குத் தெரிஞ்சு அதுதான் ரொம்ப மெதுவா ஆறவிடுறது.”

கேலி செய்ய இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது; ஆனால் நாக்கு எழவில்லை. அந்த ஆள்மேல் அன்றைக்கு வந்த மதிப்பு எனக்கு முன்பு வந்ததில்லை.

“திரும்ப வருமா மேடம், அந்தக் கோடு?”

“வராது சார்.”

தலையை ஆட்டினார். பிறகு, கையை எங்கே கழுவலாம் என்று கேட்டார். மூலையில் இருந்த குழாயில் சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு வாரமாகக் கிடுக்கியில் மாட்டி, அறுத்து, காலால் தள்ளிய அந்த இரும்பின்மேல் ஒரு விரலை மட்டும் வைத்து, கோட்டோடு கோடாக நகர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

“இது இங்கயே இருக்கட்டும் மேடம். நாலு பேர் பார்க்கட்டும்,” என்றார்.

“சூடு பண்ணின துண்டுகளையும் குடுத்துட்டுப் போறீங்களா? ஆராய்ச்சிக்கு ஆகும்.”

“வேண்டாம் மேடம். அது வானத்து வேலை, இங்க இருக்கணும். இது என் கை வேலை. இத நான் கொண்டுபோறேன்.”

கோடில்லாத துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றினார். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.