எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

இப்போதெல்லாம் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. இரக்கம் அதற்குப் பிறகுதான். “சொடக்கு டாக்டர்கிட்டப் போலாமுங்களா?” என்று என்னையே வந்து கேட்கிறார்கள், ஏதோ நான் அதில் பட்டம் வாங்கியவள் மாதிரி. போங்கள், யார் வேண்டாம் என்றது? போகிறபோது வீட்டில் கிடக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறேன். பெயர் தெரியாத மாத்திரையையும் சேர்த்து. “அதெல்லாம் ஒரு மாத்திரையாங்க?” என்று சிரிக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்துவது, சேஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் அடிப்பது, பலகையை ஏற்றுவது. சாயந்தரம் ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே மருந்துதான், செட்டு மாத்திரை. மருந்துக்கடையில் போய் “உடம்புவலிக்கு ஒரு செட்டு” என்றால் போதும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகு அளவில் பொடிசாக ஒன்று என்று அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது. அதை டீயோடு விழுங்கிவிட்டு மறுபடி சட்டத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

அவருக்கு வாங்கி வந்து கொடுத்தது நான்தான். வேலை விட்டு வருகிற வழியில்தான் கடை. வாரத்துக்கு இரண்டு தடவை, பல வருடங்கள். காய்கறி வாங்குகிற மாதிரி அதையும் வாங்கினேன். கடைசி இரண்டு மூன்று வருடத்தில் அவர் முகம் உருண்டையாகிவிட்டது. கன்னம் உப்பிக்கொண்டு, வயிறும் முன்னால் வந்தது. “என்ற சமையலு உங்களுக்கு ஒத்துக்கிச்சுங்க, மாப்பிள்ளைக் களை வந்துருச்சு” என்று கேலி செய்வேன். கையில் லேசாக இடித்தாலே கன்றிப் போய் நீலம் பாரித்தது. இரும்போடு புழங்குகிறவர் கை வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பட்டறை ஆட்கள் போனில் ஒரு வீடியோவைச் சுற்றவிட்டார்கள். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்துகிறார்கள், படபடவென்று சத்தம் வருகிறது, அவர் எழுந்து சிரிக்கிறார். சேலம் ரோட்டில் அந்த வைத்தியத்துக்கு ஒரு கிளினிக் திறந்திருந்தார்கள். கைரோபிராக்டிக் என்று பலகை. அந்தப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை, சொடக்கு டாக்டர் என்று வைத்துக்கொண்டார்கள். “ஒரு நடை போயிட்டு வந்தரலாம் அம்மிணி” என்றார் இவர்.

உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் அட்மிஷன் பார்க்கிறவள். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் உடல்நலப் படிவத்தை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறதா. “எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடுங்க. ஆமான்னு ஒண்ணு போட்டாலும் டாக்டர் லெட்டர் கேப்பாங்க, ரெண்டு நாள் அலையோணும்” என்பது நான் அவர்களுக்குச் சொல்லும் யோசனை. அதற்காக எனக்குக் கும்பிடு போட்டவர்கள் உண்டு. படிவம் என்றால் என் கை தானாக ஓடும். அன்றைக்கும் ஓடியது. முப்பது கேள்விக்கு மேல் இருக்கும், மேலிருந்து கீழே வரைக்கும் ‘இல்லை’. என் வீட்டுக்காரர் எட்டாவதோடு நின்றவர், நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த டாக்டரம்மா சின்ன வயதுதான், சேலத்துப் பெண். பொறுமையாகப் பேசினார். “நான் ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்லைங்கண்ணா, கையால மூட்டை அசைச்சு விடறவ. எல்லா முதுகுவலிக்கும் இது ஆகாது. சத்தம் வந்தாதான் சரியாச்சுன்னும் கிடையாது, அது மூட்டுக்குள்ள இருக்கற வாயு. வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடுவேன்” என்றார். கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா, எங்கேயாவது விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாக வாயாலும் கேட்டார். ஒரு எக்ஸ்ரே எடுத்து வந்தால் நல்லது என்றார். பட்டறையில் இன்னொரு நாள் லீவு கேட்க வேண்டுமே என்று இவர் தலையைச் சொறிந்தார். எக்ஸ்ரே எடுக்காமலே விட்டோம்.

“தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

இவர் என்னைப் பார்த்தார். “சுகரு, பிரஷரு ஒண்ணுமே இல்லீங்க” என்று நான் முந்திக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சர்க்கரைக்காரர், ரத்தக் கொதிப்புக்காரர். செட்டு மாத்திரை அந்தக் கணக்கிலேயே வராது. நான் பொய் சொல்லவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் லேசாக அமுக்கி, நீட்டி, இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அன்று இவர் நன்றாகத் தூங்கினார். அடுத்த வாரம் டாக்டரம்மா இவரைக் குப்புறப் படுக்கவைத்து நடுமுதுகில் கையை ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினார். சத்தம் வந்தது. போனில் கேட்ட சத்தம் இல்லை அது. இவர் கத்தவில்லை, “அம்மிணி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டார். அவரை அசைக்கக் கூடாது என்று சொல்லி, தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, “எத்தனை வருஷமா ஸ்டீராய்டு சாப்பிடறாரு?” என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றேன். அவர் இவருடைய முகத்தைக் காட்டினார், கையிலிருந்த நீலத்தைக் காட்டினார். கைப்பையிலிருந்து காகித உறையை எடுத்தேன், முந்தின நாள் வாங்கியது. டாக்டர் அதைக் கொட்டி, அந்த மிளகு அளவு மாத்திரையை மட்டும் விரலால் தள்ளிவைத்தார். “இதுதாம்மா. வலியை அமுக்கிட்டு எலும்பைத் தின்னுட்டு இருந்திருக்கு. எண்பது வயசு எலும்பு இவருக்கு. இதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது, நான் சொல்ற மாதிரிதான் குறைக்கணும்.” நடுமுதுகில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. இடது காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. நடப்பாரா என்று கேட்டேன். நடக்கலாம் என்றார். பட்டறை வேலை பார்ப்பாரா என்று கேட்டதற்கு, இரும்பு தூக்குவதை மறந்துவிடுங்கள் என்றார். நாற்பத்தாறு வயது மனுஷன், கட்டிலில் கட்டையாகக் கிடந்தார்.

மறுநாள் என் கொழுந்தனார் பட்டறை ஆட்கள் நாலு பேரோடு வந்தார். கிளினிக்கை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக வார்டு வாசலிலேயே குதித்தார். “எங்கண்ணனை முடமாக்கிப் போட்டாளே! சும்மா உடறதா?” அவர் குதிப்பது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா இவரைப் பார்க்க வந்தார். கண் வீங்கியிருந்தது. கையில் அந்தப் படிவம். எலும்பு டாக்டர் மாத்திரை விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கொழுந்தனார் வழியை மறித்தார். “மாத்திரை பத்திப் படிவத்துலயும் கேட்டிருக்கேன், வாயாலயும் கேட்டேங்க. தெரிஞ்சிருந்தா முதுகுல கையே வச்சிருக்க மாட்டேன்” என்று காகிதத்தை நீட்டினார். கொழுந்தனார் வாங்கிப் பார்த்தார். வரிசையாக டிக். டிக்கில் என்ன கையெழுத்துத் தெரியும்? கீழே மட்டும் அவர் அண்ணனுடைய கோணல் கையெழுத்து.

“இதை ஆரு எழுதுனது?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் எதிரில் உட்கார்ந்துதானே எழுதினேன்.

“நாந்தாண்டா போட்டேன்” என்றார் இவர், கட்டிலில் இருந்தபடியே. “டாக்டரம்மா கேட்டாங்க. நாந்தான் இல்லைன்னுட்டேன். போயி வேலையைப் பாருங்கடா.”

கொழுந்தனாரின் கோபம் முழுக்க அப்படியே அண்ணன் பக்கம் திரும்பியது. “ஏண்ணா, உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா? பக்கத்துல படிச்ச பொம்பளை இருக்குதுல்ல, ஒரு வார்த்தை அதைக் கேட்டு எழுதியிருக்கலாமல்ல?” திரும்ப முடியாமல் கிடந்த மனுஷனை அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்கிற மாதிரி கேட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

“அதை ஏன் போட்டுப் பேசறீங்க, உட்டுருங்க. அவருக்கு என்ன தெரியும்” என்றேன் கொழுந்தனாரிடம்.