கிருத்திகைப் பூ

ஃபிரிட்ஜ் மெக்கானிக் கஜபதிக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. ஃபிரிட்ஜில் பழுது பிடிபடாவிட்டால் சோறும் இறங்காது. திருத்தணியில் நெசவுக்காரர் வீட்டுக் கோமளவல்லியின் ஃப்ரீசரில் மாதம் தவறாமல் பனி மலையாக ஏறியது. தெர்மோஸ்டாட்டை மாற்றியும் மோட்டார் ஓய்ந்தபாடில்லை. எப்போதும் கிருத்திகை கழிந்துதான் அழைப்பு வரும்; இந்த முறை முந்தின நாளே போய், செருப்பை உதறிய வேகத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். குளிரை உணர்ந்து மோட்டாரை நிறுத்தவேண்டிய மெல்லிய குழாய், ஃப்ரீசரை விட்டு விலகித் தொங்கியது. அதில் முருகனுக்கு நாலு முழம் மல்லி.

"இதுல கையே வெக்காதீங்கன்னு சொன்னேனில்ல?"

"ஆங், நான் எங்க கை வெச்சேன்? பூவத்தான் மாட்டுனேன். சாமிக்குப் போறத மீன் கொழம்போட வெக்க முடியுமா?"

ஃப்ரீசரிலிருந்து வழிந்து கிடந்த தண்ணீரிலேயே கஜபதி உட்கார்ந்துவிட்டார்.