சவரிமுத்துவுக்கு நான் தேடிக் கொடுத்த உறவு

இலங்கையில் காக்கிச் சட்டை போட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வேலைதான், என்னைப் பிடித்துக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவது என்று இருபத்திரண்டு வயதில் மனதார நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். போன வாரம் திருச்சியில் ஒரு மளிகைக் கடையில் சாதிபத்திரி கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பழைய உதறலும் கூடவே ஏறிவிட்டது. பின்னால் ஒரு வங்கிக் காவலாளி காக்கியில் நின்றிருந்தார். ஐம்பது வயதை நெருங்குகிறவன், ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன். அவர் வெந்தயம் வாங்க வந்தவர்.

மாத்தளைக் கடைவீதியில், ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட சலீம் நானாவின் கிராம்பு, சாதிக்காய்க் கிட்டங்கிக்கு மேலேதான் எனக்கு அறை. தோட்டத்துத் தொழிலாளருக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒரு தொண்டர் சங்கம் என்னை அனுப்பியிருந்தது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும் மட்டும். தமிழ் பேசுகிற ஊர்தானே, வெளிநாடாவது ஒன்றாவது என்று கிளம்பியவன், வந்த முதல் வாரமே "இந்தியாவிலிருந்து வந்தவனைக் கண்டால் பிடிக்கிறார்கள்" என்று யாரோ டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பாஸ்போர்ட்டை மெழுகுசீலையில் சுற்றி இடுப்பில், வேட்டிக்கு உள்ளே கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை.

ஒரு நாள் கலேவெல பஸ்ஸில் காக்கிச் சட்டைக் கண்டக்டர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் எழுந்து நின்று வேட்டியை அவிழ்க்க ஆரம்பித்தேன். பஸ் முழுவதும் சிரித்தது. செய்தி எனக்கு முன்னால் கிட்டங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அல்லாட காவல், தம்பி! டிக்கட் கேட்டவனுக்கு உடுப்பக் களட்டிக் காட்டின மொத ஆள் நீங்கதான்," என்றார் சலீம் நானா.

பயத்தை விடப் பொல்லாதது ஊர் ஏக்கம். அலுவிகாரைப் பக்கத்துத் தோட்டத்தில் என்னிடம் படித்தவர்களில் சவரிமுத்து என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். கொக்கோ காய வைக்கிற இடத்தில் வேலை. அவரும் அங்கேயே பிறந்தவர், அவர் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். அப்படியிருந்தும் புதிய சட்டத்தால் குடியுரிமை இழந்து, இலங்கைப் பிரஜையாகப் பதியக் கேட்டு மனுப் போட்டுவிட்டு, விசாரணைக்குக் காத்திருந்தார். என் ஊர் லால்குடி என்று கேட்டதும் அவர் கையிலிருந்த பலப்பம் கீழே விழுந்தது.

"புள்ளம்பாடி கிட்டங்களா மாஸ்டர்? எங்க தாத்தா அங்கயிருந்துதாங்க வந்தாரு. அங்க எங்க ஆளுக யாரும் இருக்காங்களோ என்னமோ."

புள்ளம்பாடி என்ற பெயரை ஒருவர் வாயால் கேட்டதே எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. உடனே அப்பாவுக்கு எழுதினேன். அவர் சைக்கிளில் போய் மாதா கோயிலில் விசாரித்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கொண்டுவந்தவர் காக்கி போட்டிருந்ததால் நான் சாதிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன்.

"வெளிய வாங்க தம்பி," என்றார் நானா. "இவரு முத்திரதான் குத்துவாரு, வெலங்கு போட மாட்டாரு."

சவரிமுத்துவுக்குத் தாத்தாவுடைய தம்பி வழியில் ஒரு சித்தப்பா மகன் இருந்தார். அவரே எழுதியிருந்தார்: தை மாதம் மகளுக்குத் திருமணம், அண்ணன் குடும்பத்தோடு வந்து நடத்திவைக்க வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று நான் அதை உரக்க வாசித்தேன். சவரிமுத்துவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சவரிமுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். நான் என்னைப் பற்றி அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். அதன் பிறகு வாய்க்கவில்லை.

அடுத்த மாதம் விசாரணை. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். ஞானஸ்நானச் சீட்டு, பிள்ளைகள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற சான்று, எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டோம். அரசாங்கக் கச்சேரி வாசலில் இரண்டு காவலர்கள் நின்றதால் நான் சவரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். உள்ளே போய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அதிகாரி மரியாதையானவர். தமிழிலேயே கேட்டார். சவரிமுத்து ஒரு தவறும் இல்லாமல் பதில் சொன்னார். கடைசியில், கோப்பை மூடப் போகிறவர் மாதிரி அதிகாரி கேட்டார்:

"இந்தியாவில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் உண்டா?"

இதற்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நாலு பேருக்கு நடுவில் எனக்கு யாருமில்லை என்று சொல்ல அந்த மனிதர்களுக்கு நாக்கு வராது. அதை விட அவமானம் அவர்களுக்கு வேறில்லை. சவரிமுத்துவின் கை சட்டைப் பைக்குள் போவதைப் பார்த்தேன்.

"இருக்காங்கய்யா! சித்தப்பா மகன் இருக்காரு. பாருங்க, மக கலியாணத்துக்கு எழுதிக் கூப்புட்டிருக்காரு."

"போவீங்களா?"

"கூப்புட்டப்புறம் போகாம இருப்போங்களாய்யா? நம்ம புள்ள கலியாணமுங்க."

கப்பல் டிக்கெட்டுக்கு வழியே கிடையாது. ஆனால் அழைத்தவருக்கு வரமாட்டேன் என்று சொல்கிற வழக்கம் லயத்தில் இல்லை. அதிகாரி கடிதத்தை வாங்கிப் படித்தார், தேதி குறித்துக்கொண்டார், பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இடுப்பிலிருந்த பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் என்னைக் கேட்பார்களே!

வெளியே வந்ததும் சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான பேசுனேன், மாஸ்டர்?"

"நல்லாப் பேசுனீங்க," என்றேன்.

நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அன்று அவர் கேலி செய்யவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் காயிதத்த வரவழச்சது யாரு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

என்னை யாரும் பிடிக்கவில்லை. விசாவைக் கேட்டபோதெல்லாம் நீட்டித் தந்தார்கள். இரண்டு வருடம் முடிந்து நானே டிக்கெட் வாங்கித் திரும்பினேன். அந்தக் கிட்டங்கி இப்போது இல்லை. லயத்தில் சவரிமுத்து குடியிருந்த பக்கத்து அறைகளை இடித்துவிட்டதாக நானா இறப்பதற்கு முன் எழுதியிருந்தார்.

இந்தியாவோடு இன்னும் உறவு வைத்திருக்கிறவர் என்று காரணம் காட்டிச் சவரிமுத்துவின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பல வருடம் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் கொக்கோ காய வைத்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்து, அவரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். காலம் கடந்துதான் எனக்குத் தெரியவந்தது. புள்ளம்பாடிக்குப் போய் அந்தச் சித்தப்பா மகனைப் பார்த்தேன். நல்ல மனிதர், மோர் கொடுத்தார். அண்ணன் குடும்பம் தன் வீட்டில் பதினொரு நாள் இருந்ததாகவும், இடம் போதவில்லை என்றும், கூடலூர்ப் பக்கம் வேலை தேடிப் போனதாகவும் சொன்னார். விலாசம் அவரிடம் இல்லை.