சிவப்பு நூலில் ஒரு வரி

எங்கள் லைன் வீட்டில் நான்காவது கதவு குமாரசாமி அண்ணனுடையது, ஐந்தாவது எங்களுடையது. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து வந்தவர் என்பதால் தெருவே அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடும். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர்தான் வாட்ச்மேன். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றுவதும் அவர்தான். முதலாளியே தள்ளி நின்று சல்யூட் அடிப்பார்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. நாற்காலியை கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் போட்டுத்தான் உட்காருவார். மழை வந்தால் குடையை விரித்துக்கொண்டு அங்கேயேதான். உள்ளே தையல் செக்‌ஷன் பக்கம் அவர் கால் பட்டு நான் பார்த்ததே இல்லை. மிலிட்டரி விறைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என் வீட்டுக்காரர் வேல்குமாரால். அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங்கில் இருந்தவர், ஒருநாள் சாப்பாட்டுப் பையில் இரண்டு குழந்தை டீசர்ட்டை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வர, கேட்டில் அண்ணன் பையைத் திறக்கச் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. தப்பு என் வீட்டுக்காரர்மேல்தான், அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு மனுஷன் பார்த்தும் பாராமல் விட்டிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. இருபது வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் நான். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. இவரிடமும் ஏதாவது இல்லாமலா போகும் என்று காத்திருந்தேன்.

கிடைத்தது. அவர் மகள் கவிப்பிரியா காலேஜ் விண்ணப்பத்துக்காக அப்பாவின் ராணுவப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, போகிற வழியில் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னாள். முதல் பக்கத்திலேயே, என்ன வேலை என்ற இடத்தில் 'டெய்லர்' என்று இருந்தது. போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் படம் கம்பெனி முழுக்கச் சுற்றியது. திருப்பூரில் தடுக்கி விழுந்தால் டெய்லர்மேல்தான் விழ வேண்டும். டெய்லர் எப்படி மிலிட்டரி ஆவார்? இத்தனை வருடம் இவருக்கா சல்யூட் அடித்தோம்? "மிலிட்டரில போயி மூட்டை தெச்சுட்டு வந்திருக்கறாரு" என்று சொன்னது நான்தான். அடுத்து வந்த சுதந்திர தினத்தன்று அவர் கொடிக்கயிற்றைப் பிடித்தபோது பெண்கள் வரிசையில் யாரோ அதையே திருப்பிச் சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாசக் கடைசியில் வேலையை விட்டு, வீட்டையும் காலி செய்துவிட்டார்.

அது நடந்து நான்கு வருடம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் நான்காவது கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே இப்போது ஒடிசாக்காரர்கள் குடியிருக்கிறார்கள். என்னவென்று விசாரித்தேன். பொங்கலூர்க்காரர், பேர் பூபாலன்.

"குமாரசாமிங்கறவரு ஊடு இதுதானுங்களாக்கா? மிலிட்டரில டெய்லரா இருந்தாருங்களே."

டெய்லர் என்பதை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பூபாலனின் அண்ணன் தங்கவேலு எல்லைச் சண்டையில் இறந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பெட்டியோடு வந்தவர்கள், திறக்க வேண்டாம், பார்க்கிற மாதிரி இருக்காது என்றிருக்கிறார்கள். அம்மா சுப்பாத்தாள் கேட்கவில்லை. மூடியை எடுத்தால், உடம்பை வெள்ளைத் துணியில் வைத்துத் தலையோடு சேர்த்துத் தைத்திருந்ததாம்.

பூபாலன் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து என் கையில் வைத்தார். பழுப்பேறிப் போயிருந்தது. அதில் சிவப்பு நூலால் கைத்தையலில் தமிழ் எழுத்து: 'முகம் நல்லாருக்குது. பிரிச்சுப் பாருங்க.'

"பிரிச்சோமுங்க. தூங்கற மாதிரி இருந்தாரு. அந்த மூஞ்சியப் பாத்ததாலதான் எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் உசுரோட இருக்கறாங்க. இப்பப் படுக்கையில கெடக்கறாங்க. இதத் தெச்ச கையத் தொட்டுக் கும்பிடோணும்னு ஒரே புடியா நிக்கறாங்க. மிலிட்டரில அண்ணன்கூட இருந்த பழைய ஆளுங்கள ஒவ்வொருத்தரா விசாரிச்சு, ஆறு மாசம் அலைஞ்சு இந்த வெலாசம் கெடச்சுதுங்க."

நான் அந்தத் தையலையே பார்த்தேன். பார்ப்பதுதானே என் தொழில். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. இந்தக் கையைத்தான் மூட்டை தைத்த கை என்று ஊரே சிரிக்கச் செய்தேன். நான் தேடிக் கண்டுபிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அடையாளத்துக்கு அந்தத் துணியையும் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தார்.

அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது சாமான் ஏற்றிப்போன டெம்போக்காரரைப் பிடித்தேன். காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்றார். போனேன். அங்கே அண்ணனின் நாற்காலி கேட்டுக்கு உள்ளேயே இருந்தது.

"வாங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரருக்கு வேலை கெடச்சுதுங்களா?" என்றார். முதல் கேள்வியே அதுதான். நான் அழுதுவிட்டேன். செய்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குங்க? நீங்க சொன்னது நெசந்தானுங்களே. மூட்டைதான் தெச்சேன்."

பூபாலன் வந்ததையும் அவர் அம்மா கேட்பதையும் சொல்லித் துணியைக் கொடுத்தேன். வாங்கி, எழுத்தை விரலால் தடவினார். ராணுவத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையாம் அப்போது. சண்டையில் இறந்தவர்களைத் துணியில் வைத்துத் தைக்க, ஒரு கூடாரத்தில் மிஷினைப் போட்டு உட்கார வைத்தார்களாம். மூன்று வாரம் எழுந்திருக்கவில்லையாம்.

"தமிழ் ஆளுங்க நாலு பேரு வந்தாங்க அம்மிணி. இந்த ஒருத்தருக்குத்தான் இப்படி எழுத முடிஞ்சுது. மத்த மூணு பேருக்கும் மூஞ்சி பாக்கற மாதிரி இல்லீங்க, ஒண்ணும் எழுதலீங்க. சும்மா தெச்சு மூடிட்டேன். தையல் மிஷின் சத்தம் கேட்டா இன்னைக்கும் அந்த மூணு பேருதான் வர்றாங்க."

"அந்தம்மா உசுரக் கையில புடிச்சுட்டு இருக்கறாங்ணா. ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க."

"இந்தக் கையத்தானுங்க கேக்கறாங்க? மத்த மூணு அம்மாவும் மவன் மூஞ்சியப் பாக்காமயே போயிச் சேர்ந்திருப்பாங்க. நான் இவங்ககிட்டப் போயிக் கும்பிடு வாங்கறதா?" துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். "ஆளு செத்துட்டான்னு சொல்லிருங்க அம்மிணி."

சாயங்காலம் வரை கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பூபாலன் போனில் கூப்பிட்டார். "ஆளு கெடச்சாருங்களாக்கா? நீங்க போயிருக்கறீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அம்மா வாசலையே பாத்துட்டு இருக்கறாங்க. கஞ்சிகூடக் குடிக்கலீங்க."

வாயைத் திறந்து அந்த மனுஷனை ஒருமுறை ஊரைவிட்டே துரத்தியவள் நான். அவர் சொன்னதை மீறி இன்னொரு முறை வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? செத்துவிட்டார் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"இல்லீங்க. கெடைக்கலீங்க" என்றேன்.

அவர், "பரவால்லீங்கக்கா. அந்தத் துணிய மட்டும் நீங்களே கொண்டாந்து அம்மா கையில குடுத்துருங்க. அது இல்லாம அவங்களுக்குத் தூக்கமே வர்றதில்லீங்க" என்றார்.

பொங்கலூர் போக பஸ் ஏறினேன். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து இதே பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.